காருக்கு அடியில் ஒரு பழைய பேப்பர் விரித்துப் பாருங்கள்



போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்களில் சிலர் வீட்டுக்கும் வந்தீர்கள். “என்ன சார், வாசல்ல காரைக் காணோம், வித்துட்டீங்களா?” என்று கேட்டீர்கள். விற்கவில்லை, ஷெட்டில் நின்றது. எதனால் என்று அன்றைக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். டீசல் கார் வைத்திருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். கடைசி பெஞ்சுக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் கார் பதினோரு வருஷம் ஆன டீசல் கார். ஓய்வு பெற்ற பணத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. சில மாதங்களாக வாசலில் அது நிற்கும் இடத்தில் ஓர் ஈரத் திட்டு. ஏசி தண்ணீர் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் கண்டுபிடித்தது என் மனைவிதான். “ஏங்க, இந்த எடத்துல மட்டும் கோல மாவு நிக்க மாட்டேங்குது. மஞ்சளா ஊறிப் போவுது. தெளிச்ச தண்ணியும் வழுக்குது” என்றாள். முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். தண்ணீராக இருந்தால் வெயில் வந்ததும் காய்ந்துவிடும், இது காயவில்லையே என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

அடுத்த மாதம் வருஷாந்திர சர்வீஸுக்கு விட்டபோது தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்: “சார், ஃபியூயல் கூலர் லீக் ஆகுது. மாத்தணும்.” விலையும் சொன்னார்கள். அது எங்கள் இரண்டு பேருடைய இரண்டு மாத மருந்துச் செலவு. “வண்டி ஓடுதுல்ல? பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மூன்று வாரம் ஓட்டினேன். வண்டி நன்றாகவே ஓடியது.

எங்கள் தெரு முனையில் ஒரு பூக்கடை. தினமும் காலையில் கோயிலுக்குப் போகும்போது வண்டியை அணைக்காமல் அந்தத் திருப்பத்தில் நிறுத்துவேன். மனைவி இறங்கிப் பூ வாங்கி வருவாள். மிஞ்சினால் ஐந்து நிமிஷம். ஒரு நாள் விடிகாலையில் தூறல் போட்டு நின்றிருந்தது. எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிறவர் இரண்டு கேனோடு மொபெட்டில் வந்து அதே திருப்பத்தில் திரும்பினார். வண்டி சறுக்கிப் படுத்துவிட்டது. முழங்கால் தேய்ந்து, மணிக்கட்டு எலும்பில் விரிசல். ரோடெல்லாம் பால்.

நாலு பேர் ஓடிப் போய்த் தூக்கினோம். அவரே சொன்னார்: “மழைத் தண்ணி சார், கவனிக்கல.” நான் கீழே பார்த்தேன். ஓரமாக ஓடிய பாலைச் சுற்றி, ஈரத் தரையில் ஊதாவும் பச்சையுமாக வானவில் மாதிரி ஒரு படலம். நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஏன் நிறம் காட்டுகிறது என்று எத்தனை வருஷம் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியிருப்பேன்! அது என் காரின் டீசல். அந்த நிமிஷம் நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே காரை வேட்டவலம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் ஒரு பழைய மாணவரிடம் கொண்டுபோய் விட்டேன். பத்தாம் வகுப்பில் இயற்பியலில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். அன்று எனக்கு அவர்தான் வாத்தியார். லிஃப்ட்டில் வண்டியை ஏற்றி அடியில் நிற்க வைத்துக் காட்டினார். வலது பக்கம் தரைத் தகட்டுக்குக் கீழே, டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவில், விசிறி மடிப்பு மாதிரி வரிவரியாக ஓர் அலுமினியத் தகடு. அதுதான் ஃபியூயல் கூலர். மடிப்பெல்லாம் செம்மண் அப்பிக் கெட்டியாகக் கிடந்தது. தட்டியதும் மண் உதிர்ந்தது. அதன் அடியில் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரித்திருந்தது. அந்த இடத்தில் டீசல் முத்து முத்தாக நின்றது.

அது எதற்கு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் மற்றது புரியும்.

பழைய டீசல் இன்ஜின்களைவிட இப்போதைய ‘காமன் ரெயில்’ இன்ஜின்களில் டீசல் மிகப் பெரிய அழுத்தத்தில் தெளிக்கப்படுகிறது. பயணிகள் கார்களில் இந்த முறை 1997-ல் வந்தது. அழுத்தம் 1,600 பார், சில வண்டிகளில் 2,000 பாருக்கும் மேல். உங்கள் கார் டயரில் இருக்கும் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 2.2 பார். அதைப்போல 700 மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பு, இன்ஜினுக்குத் தேவையானதைவிட அதிகமாக டீசலை இழுக்கும். பம்புக்குள் மசகு எண்ணெய் வேலையையும், சூட்டைத் தணிக்கும் வேலையையும் அந்த டீசலேதான் பார்க்கிறது. மிச்சம் டேங்குக்குத் திரும்பிப் போகும். அவ்வளவு அழுத்தத்தில் இருந்தது ஒரு வால்வைத் தாண்டிச் சட்டென்று தளரும்போது அந்த ஆற்றல் சூடாக மாறுகிறது. அதனால் திரும்புகிற டீசல் நல்ல கொதிப்போடு திரும்பும். டேங்கில் விழும் முன் அதை ஆற்றுவதற்குத்தான் அந்தத் தகடு. வண்டி ஓடும்போது அடியில் அடிக்கும் காற்றே அதற்கு விசிறி.

அடியில் இருப்பதால்தான் அது கெடவும் செய்கிறது. கல் அடிக்கும். பெயின்ட் அடிக்காத வேகத்தடையில் உரசும். ஜாக்கியை இடம் தெரியாமல் வைத்தால் நசுங்கும். எல்லாவற்றையும்விட, மண் அப்பி ஈரம் தங்கினால் அரிக்கும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

மாணவர் வழிகளைச் சொன்னார். “சார், ரெண்டு ஹோஸையும் நேரா சேத்து விட்டுட்டா கூலரே வேணாம். பைபாஸ். நிறைய பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க.”

“நீ செய்வியாப்பா?”

“உங்க வண்டிக்கு நிரந்தரமா செய்ய மாட்டேன் சார்.”

“ஏன்?”

“கம்பெனிக்காரன் காசு போட்டு சும்மா ஒரு தகட்ட மாட்டி வைக்க மாட்டான் இல்ல சார்?”

இரண்டு தடவை கோட்டை விட்ட பிள்ளையின் பதில் இது. நான் நூற்றுக்கு நூறு போட்டேன்.

பைபாஸ் பற்றி என் கருத்து இது. குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர் கூலர் இல்லாமல் கொஞ்ச நாள் ஓட்டினால் தப்பிக்கலாம். நம் ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. தார் ரோட்டுச் சூடு கீழிருந்து வேறு. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ 200 கிலோமீட்டர் வருகிறீர்கள், டேங்கில் கால் பங்குதான் மிச்சம் என்றால், அந்தக் கொஞ்சம் டீசலே திரும்பத் திரும்பச் சுற்றிச் சூடேறிக்கொண்டே போகும். 40 டிகிரி சூடு ஏறினால் டீசல் சுமார் 3 சதவீதம் விரிந்துவிடும். அதே அளவு டீசலில் சக்தி அந்த அளவுக்குக் குறையும். அதைவிடப் பெரிய பிரச்சினை, சூடான டீசல் நீர்த்துப்போவது. பம்புக்கு மசகாக இருக்க வேண்டியதே நீர்த்தால் உள்ளே உலோகம் தேயும். தேய்ந்த துகள் இன்ஜெக்டருக்குப் போகும். அதற்கப்புறம் ஆகிற செலவில் பத்து கூலர் வாங்கலாம். பைபாஸ் போட்ட மறுநாள் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பலரும் அதை நம்புகிறார்கள்.

“கூலரே இல்லாத டீசல் கார்கள் எத்தனை ஓடுது?” என்று என் தங்கை மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. அந்த வண்டிகளில் பம்பு, டேங்க், குழாயின் நீளம் எல்லாம் கணக்குப் போட்டு, கூலர் தேவையில்லை என்று வடிவமைத்திருக்கிறார்கள். நம் வண்டியில் தேவை என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணாடி போடாமல் படிக்கிறார் என்பதற்காக நாம் நம் கண்ணாடியைக் கழற்றி வைப்பதில்லை.

ஓட்டையில் பசை போட்டு அடைப்பது வேண்டாம். டீசல் ஊறிய உலோகத்தில் பசை சரியாகப் பிடிக்காது. சூட்டிலும் அதிர்விலும் விரைவில் விட்டுவிடும். அடைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் நாமும் அப்புறம் குனிந்து பார்க்க மாட்டோம். வெல்டிங் வைக்கலாம் என்பார்கள். தகடு மெல்லியது, ஓர் இடம் அரித்திருந்தால் பக்கத்து இடமும் அரித்திருக்கும். மேலும் உள்ளே டீசல் ஆவி இருக்கும்போது நெருப்பைக் காட்டுவது தெரிந்தவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை.

வாடகைக் கார் ஓட்டும் என் மாணவர்கள் சிலர் இதைப் படித்து, “சார், வண்டி ஒரு வாரம் நின்னா டியூ யார் கட்டுறது?” என்று கேட்பீர்கள். உங்களுக்கு என் பதில்: ஒழுகுகிற வண்டியை ஒரு நாள்கூட ரோட்டில் விடாதீர்கள். பாகம் வரும் வரை தற்காலிகமாக பைபாஸ் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் ஹோஸ் வேண்டாம், டீசலில் அது ஊதிப்போகும். டீசலுக்கென்று விற்கும் ஹோஸும், இரண்டு பக்கமும் நல்ல க்ளிப்பும் போடச் சொல்லுங்கள். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பாகத்துக்கு அன்றைக்கே ஆர்டர் கொடுத்துவிடுங்கள். கைமாற்று வாங்குகிற மாதிரிதான் இது. திருப்பிக் கொடுக்கும் தேதி இருக்க வேண்டும்.

இதெல்லாம் வண்டிக்கு வரும் கேடு. நான் இந்தப் பதிவை எழுத அது காரணம் இல்லை. வண்டி கெட்டால் என் காசு போகும். ஆனால் ஒழுகுகிற டீசல் என் வண்டியில் தங்குவதில்லை. ஊர் ரோட்டில் விழுகிறது.

ஒரு கணக்குப் போடுவோம். இருபது சொட்டு ஒரு மில்லி. விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லி. கேட்க ஒன்றுமில்லை. நம் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். காரில் மெதுவாகச் சுற்றினால் அரை மணி நேரம். 1,800 சொட்டு. அதாவது எட்டு மீட்டருக்கு ஒன்று, இந்திர லிங்கத்திலிருந்து ஈசான்ய லிங்கம் வரைக்கும். ஓடும்போது சொட்டாகச் சிதறிப்போகும். நிற்கிற இடத்தில்தான் குளமாகும். சிக்னலில், வேகத்தடையில், பூக்கடைத் திருப்பத்தில். அந்த இடங்களில்தான் இரண்டு சக்கர வண்டிக்காரரும் பிரேக் பிடிப்பார், திரும்புவார்.

இதில் ஒரு ஏமாற்று வேலையும் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போதுதான் டீசல் அந்தக் குழாயில் ஓடுகிறது. அணைத்து நிறுத்தியதும் ஒழுகல் குறைந்துவிடும். வாசலில் நாம் பார்க்கும் திட்டு, உள்ளே மிச்சம் நின்றது வடிந்தது மட்டுமே. பெரும்பகுதியை ரோட்டில் ஊற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறோம்.

மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும் என்று நினைக்காதீர்கள். முதல் தூறலில்தான் வழுக்கல் அதிகம். டீசல் தாரையே கரைக்கக்கூடியது. தொடர்ந்து விழும் இடத்தில் தார் இளகி ஜல்லி பெயர்ந்துவிடும். மிச்சம் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். பெட்ரோல் அளவுக்குச் சட்டென்று டீசல் பற்றாது என்பது உண்மைதான். ஆனால் சைலன்சர் குழாய் அதே அடிப்பக்கத்தில்தான் போகிறது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியை எரிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும்போது உள்ளே சுமார் 600 டிகிரி சூடு இருக்கும். சித்ரா பௌர்ணமிக்குக் காய்ந்த புல் கிடக்கும் காலி மனையில் நூறு கார்களை நெருக்கி நிறுத்துகிறோம். ஒழுகுகிற காரை அங்கே நிறுத்தலாமா, நீங்களே சொல்லுங்கள்.

பம்பரில் ஒரு கோடு விழுந்தால் அந்த வாரமே பெயின்ட் அடிக்கிறோம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்து நசுக்குகிறோம். குனிந்து அடியில் பார்ப்பதில்லை. சட்டமும் குனிவதில்லை. புகைச் சான்றிதழ் கொடுக்கும் இடத்தில் டீசல் காருக்குப் புகையை மட்டும்தான் சோதிக்கிறார்கள். சொந்தக் காருக்குத் தகுதிச் சோதனை 15 வருஷம் கழித்துப் பதிவைப் புதுப்பிக்கும்போதுதான். அதுவரை அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. புகைச் சோதனையின்போதே அரை நிமிஷம் அடியில் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லி ஒரு விதி வர வேண்டும் என்பது என் கருத்து. போக்குவரத்துத் துறையில் இருக்கும் என் மாணவர்கள் இதை மேலே சொல்லிப் பாருங்கள்.

ஒரே மாடலில் பலருக்கும் ஒரே இடத்தில் கசிந்தால் அது உற்பத்திக் குறைபாடாக இருக்கலாம். 2010-ல் மாருதி நிறுவனம், எரிபொருள் கசியலாம் என்று சுமார் ஒரு லட்சம் ஏ-ஸ்டார் பெட்ரோல் கார்களைத் தானாகவே திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, அப்படித் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குக் கொடுத்திருக்கிறது. வண்டி வைத்திருப்பவர்கள் புகார் செய்தாலும் அது நடக்கலாம். என் வண்டி விஷயம் அப்படி இல்லை. மண்ணைக் கழுவாமல் விட்டது நான்.

இனி வீட்டுப்பாடம்.

1. ராத்திரி காரை நிறுத்தும்போது அடியில் பழைய செய்தித்தாளோ அட்டையோ விரியுங்கள். காலையில் பாருங்கள். ஏசி தண்ணீர் காய்ந்துவிடும். கூலன்ட் பச்சை, சிவப்பு என்று நிறமாக இருக்கும். இன்ஜின் ஆயில் கறுப்பு. டீசல் காயாமல் ஊறும், விரலில் வழவழக்கும், வாசனையே காட்டிக்கொடுக்கும்.

2. ஈரம் தெரிந்தால் உடனே கூலரை மாற்றச் சொல்லாதீர்கள். முதலில் ஹோஸ் சேரும் இடத்தையும் க்ளிப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அதோடு போய்விடும்.

3. வெறும் ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியில் படுக்காதீர்கள். இன்ஜின் பக்கம் கசிந்தால் விரலை வைத்துத் தேடாதீர்கள். அங்கே இருக்கும் அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் காயமாக இருக்கும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிவரும்.

4. ரோட்டில் டீசல் கொட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பரவத்தான் செய்யும். மணலோ மரத்தூளோ போட்டு ஊற வைத்து அள்ளுங்கள்.

5. மழைக்காலம் முடிந்ததும் ஒரு தடவை அடிப்பக்கத்து மண்ணைக் கழுவச் சொல்லுங்கள். கூலருக்குக் கீழே பிளாஸ்டிக் மூடி இருந்து உடைந்திருந்தால் மாற்றுங்கள்.

என் வண்டிக்குப் புதுக் கூலர் வர எட்டு நாள் ஆனது. அதுவரை டவுன் பஸ். பௌர்ணமிக்கு நடந்தே போனேன். வழக்கம்போல வெறுங்கால். அடி அண்ணாமலை தாண்டி ஓரிடத்தில் ரோட்டில் கறுப்பாக ஒரு திட்டு. என் பக்கத்தில் வந்த ஒரு வயதான அம்மா அதில் கால் வைத்து லேசாகத் தடுமாறி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். யார் வண்டி கொட்டியதோ. அதைக் கேட்க எனக்கு வாயில்லை.

அதற்கு முன்பே, விபத்து நடந்த மூன்றாம் நாள், பால்காரர் வீட்டுக்குப் போனேன். கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். மழை இல்லைப்பா, என் வண்டி டீசல் என்றேன். ஆஸ்பத்திரிச் செலவையும், போன பாலின் காசையும் கொடுத்தேன். கட்டுப் பிரிக்கும் வரை பால் ஊற்ற ஓர் ஆளுக்குக் கூலி என் பொறுப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வண்டிய செஞ்சிட்டீங்களா சார்?” என்று கேட்டார்.

“ஷெட்ல விட்டிருக்கேன்.”

“செஞ்சிடுங்க சார். என் பையன் அந்த வழியாத்தான் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள்ல போறான்.”

அடுத்த பௌர்ணமிக்கு வருகிறவர்கள் கிளம்பும் முன் ராத்திரி பேப்பரை விரித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். ஈரம் இருந்தால் காரை விட்டுவிட்டு பஸ்ஸிலோ ரயிலிலோ வாருங்கள். ஸ்டேஷனுக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன். என் வண்டி இப்போது ஒழுகவில்லை. தினமும் காலையில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எடுக்கிறேன். வாசலில் அந்த இடத்தில் இன்னும் கோலம் சரியாக நிற்கவில்லை. சிமென்ட்டில் ஊறியது போக நாளாகுமாம்.

பேப்பரில் என்ன தெரிந்தது என்று கீழே எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்,
திருவண்ணாமலை.